பொம்மை மேசையில் நிற்க மாட்டேன் என்கிறதே!

கேள்வி: அனிமேஷன் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஃபோனில் எடுத்த வீடியோ ஒன்றில், மேசைமேல் ஒரு 3டி ரோபோ பொம்மை நிற்பதுபோல் காட்ட வேண்டும். பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில் கேமரா ட்ராக்கிங் செய்தேன், அதாவது வீடியோவில் சில புள்ளிகளைப் பின்தொடர்ந்து கேமரா எப்படி நகர்ந்தது என்று கண்டுபிடிக்கவைத்தேன். அந்தக் கணக்கின் பிழையைச் சொல்லும் சால்வ் எரர் 0.4 வந்தது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஓடவிட்டுப் பார்த்தால் பொம்மை மேசையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாறச் சொல்கிறார்கள் தோழிகள். எனக்கு இந்த வேலையே வராதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: மென்பொருளை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கோளாறு அதில் இல்லை. இதே வீடியோவை எந்த மென்பொருளில் போட்டாலும் பொம்மை வழுக்கத்தான் செய்யும்.

அந்த 0.4 என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் பின்தொடர்ந்த புள்ளிகளை வைத்து, கேமரா எப்படி நகர்ந்திருக்கும், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. பிறகு அந்தக் கணக்குப்படி புள்ளிகளைத் திரும்பவும் படத்தின்மேல் வைத்துப் பார்க்கிறது. நீங்கள் குறித்த இடத்துக்கும் கணக்கு காட்டும் இடத்துக்கும் சராசரியாக 0.4 பிக்சல் வித்தியாசம், அவ்வளவுதான். கணக்கு தனக்குள் முரண்படவில்லை என்பதற்கு அது சாட்சி. மேசை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. அதுவும் சராசரி வேறு. பின்சுவரில் முப்பது புள்ளிகள் ஒழுங்காக உட்கார்ந்து, மேசையில் இருக்கிற இரண்டே புள்ளிகள் தடுமாறினாலும் எண் நன்றாகவே இருக்கும். பொம்மை நிற்பதோ மேசையில். வழவழப்பான மேசையில், புள்ளியைப் பின்தொடரும் ட்ராக்கர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பதால், உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சந்தேகத்தைச் சோதித்துவிடலாம். 3டி காட்சியில், மேசைமேல் நீங்கள் ட்ராக் செய்த ஒரு புள்ளியின்மேலேயே ஒரு சின்னக் கூம்பை, முனை அந்தப் புள்ளியைத் தொடும்படி தலைகீழாக வைத்து ஓடவிடுங்கள். கூம்பு நகராமல் நின்றால் ட்ராக்கிங் சரி. பொம்மையை வைத்த உயரம்தான் தப்பு. கால் மேசைக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால், கேமரா நகர நகர அது வழுக்குவதுபோலவே தெரியும். மேசையில் மூன்று புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றைத் தரையாக அமைத்துவிட்டால் தீர்ந்துபோகும். கூம்பும் சேர்ந்து வழுக்குகிறதா? அப்போது சால்வே, அதாவது மென்பொருள் போட்ட கணக்கே தப்பு. பக்கவாட்டில் இருந்து புள்ளிகளைப் பாருங்கள். மேசைப் புள்ளிகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும், இல்லை சுவரும் மேசையும் செங்கோணத்தில் சந்திக்காது. எண் என்ன சொன்னாலும் நீங்கள் நம்ப வேண்டியது இந்தக் காட்சியைத்தான்.

சால்வ் தப்பு என்றால் வீடியோவையே மறுபடி எடுத்துவிடுங்கள். கெட்ட வீடியோவோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அதுதான் சீக்கிரம் முடியும்.

ஃபோனில் முதல் எதிரி, ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன். மின்னணு முறையில் செய்யும் ஸ்டெபிலைசேஷன் ஒவ்வொரு ஃப்ரேமையும் வெட்டி, நகர்த்தி, சில சமயம் வளைக்கவும் செய்யும். மென்பொருளோ ஒரே லென்ஸ், ஒரே நடுப்புள்ளி என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாது. அதை அணைத்துவிடுங்கள். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள், ஜூமைத் தொடாதீர்கள். வெளிச்சம் நிறைய இருக்கட்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் இழுபட்டு மங்கிவிடும். ஃபோன் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வேகமாகத் திருப்பினால் நேர்க்கோடுகள் சாய்ந்துவிடும். ஆகவே மெதுவாக நகருங்கள். நின்ற இடத்திலேயே திரும்பாமல், பக்கவாட்டில் நடந்தபடி எடுங்கள். பக்கத்துப் பொருள் வேகமாகவும் தூரத்துப் பொருள் மெதுவாகவும் நகர்வதில் இருந்துதான் ஆழம் கணக்கிடப்படுகிறது. நின்று திரும்பினால் அந்தத் தகவலே வீடியோவில் இருக்காது. அப்புறம், பல ஃபோன்கள் ஃப்ரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். ஒரே வேகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு ஃப்ரேமும் தனிப் படமாக இருக்கும் படத் தொடராக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மேசைமேல் டேப் துண்டுகளைக் கூட்டல் குறிபோல் ஒட்டுங்கள். ஒரு பெட்டியை வைத்து அதன்மேலும் இரண்டு ஒட்டுங்கள், எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. இரண்டு குறிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதிவையுங்கள், அளவைப் பொருத்த உதவும். டேப்பைப் பிறகு படத்தில் இருந்து அழிக்க வேண்டியிருக்கும். அதுவும் இந்தத் தொழிலில் ஒரு வேலைதான், பழகிக்கொள்ளுங்கள்.

புள்ளி எடுப்பதில் அவசரப்படாதீர்கள். கண்ணாடி டம்ளரில் மின்னும் ஒளி, நகரும் நிழலின் ஓரம் இரண்டும் ஆகாது. இவற்றைவிடப் பொல்லாதது இன்னொன்று. மேசையின் விளிம்பும் பின்னால் இருக்கும் நாற்காலிக் காலும் படத்தில் ஒன்றையொன்று வெட்டுமே, அந்த மூலை. கூர்மையாக இருக்கும், ட்ராக்கரும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் அப்படி ஒரு இடம் அறையில் எங்கேயும் இல்லை. கேமரா நகர்ந்தால் அதுவும் ஊர்ந்துபோகும். இப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் கணக்கு முழுவதையும் அவை தங்கள் பக்கம் வளைத்துவிடும். ஆளில்லாமல் தானாகப் புள்ளி எடுக்கும் வசதி இவற்றைத்தான் ஆசையாகப் பொறுக்கும். பிளெண்டர் சால்வைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் இரண்டு ஃப்ரேம்களிலும் (கீஃப்ரேம்கள்) பொதுவாகக் குறைந்தது 8 புள்ளிகள் வேண்டும். அதற்குமேல் எண்ணிக்கையைவிட, முன்னால், நடுவில், பின்னால் என்று அவை பரவி இருப்பதுதான் முக்கியம். புள்ளிகளின் நகர்வைக் கோடுகளாகக் காட்டும் வரைபடத்தில் ஏதாவது ஒரு கோடு திடீரென்று துள்ளினால், அந்தப் புள்ளியை அந்த ஃப்ரேமில் போய்ப் பாருங்கள்.

லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதைச் சொல்லும் ஃபோகல் லெங்த்தில் ஒரு குழி இருக்கிறது. ஃபோன் விளம்பரங்களில் 26 மி.மீ. என்று போட்டிருப்பது பெரும்பாலும் முழு ஃப்ரேம் கேமராவுக்கு இணையான கணக்கு. மென்பொருளில் அதைப் போட்டால் சென்சார் அகலம் 36 மி.மீ. என்றுதான் போட வேண்டும். வீடியோ எடுக்கும்போது ஃபோன் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டவும் கூடும் என்பதால், ஃபோகல் லெங்த்தை மட்டும் மென்பொருள் திருத்தட்டும். நேர்க்கோடுகளை லென்ஸ் வளைத்துக் காட்டும் லென்ஸ் வளைவையும் முதல் தடவையே சேர்த்துத் திருத்த விட்டால், எண்ணைக் குறைப்பதற்காக அது எதை வேண்டுமானாலும் வளைக்கும்.

இந்த வேலை வராதோ என்ற பயத்துக்கு வருகிறேன். எண் நன்றாக இருந்தும் பொம்மை நகர்வதை உங்கள் கண் கண்டுபிடித்திருக்கிறது, அதை விட மனமில்லாமல் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். 0.4 வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். இந்தத் துறைக்கு வேண்டியது உங்களுடைய இந்தக் கண்தான். 3டிஈக்வலைசர் போன்ற ட்ராக்கிங் மென்பொருள்களை வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம், அடிப்படை எல்லாவற்றிலும் இதேதான்.

சால்வ் சரியானதும் பொம்மையின் காலடியில் நிழல் போட மறக்காதீர்கள். நிழல் இல்லாவிட்டால் நகராத பொம்மையும் மிதப்பதுபோல் தெரியும். உங்கள் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் ஷோரீலில் சேர்க்கும்போது, மேசைமேல் கட்டம் போட்ட தளம் ஒன்றை வைத்து அதே காட்சியை இன்னொரு முறை ஓடவிடுங்கள். ட்ராக்கிங் தெரிந்தவர்கள் பொம்மையைவிட அந்தக் கட்டத்தைத்தான் கவனிப்பார்கள்.