அத்தையின் மாத்திரை மணிக்கு வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் மணி என்று ஒரு லாப்ரடார், வயது 9. செல்லி என்று ஒரு நாட்டுப் பூனை, 12 வயது இருக்கும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து மணி வெள்ளன எழும்பும்போது பின்னங்கால் இரண்டும் விறைத்துப்போய், பத்து எட்டு கெந்திக் கெந்தி நடக்கிறான். அப்புறம் சரியாகிவிடுகிறது. என் மாமியாருக்கு மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை, நாலு நாளாகச் சோற்று உருண்டைக்குள் வைத்து அத்தை கொடுத்தார்கள். இரண்டு நாள் துள்ளி நடந்தான். நேற்றிலிருந்து சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். செல்லியும் முன்போல மச்சுக்கு ஏறுவதில்லை, எந்நேரமும் தூக்கம். அவளுக்கும் கால் மாத்திரை கொடுக்கலாமா என்று அத்தை கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில், 'வயசாயிட்டு, அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். என்ன செய்ய?

ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரையை நிறுத்துங்கள். செல்லிக்கு ஒரு துணுக்குகூடக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இதைத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். திரும்ப இங்கே எழுதக் காரணம், இதே மாத்திரை அட்டை நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் அடுக்களை அலமாரியிலேயே இருக்கிறது. நாய் நொண்டினால் கை முதலில் அங்கேதான் போகிறது.

மணி சோற்றை ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரைதான். வலியை உண்டாக்கும் பொருளை டைக்ளோஃபினாக் தடுக்கும்போது, வயிற்றின் உள்சுவரைக் காக்கிற, சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைக்கிற பொருளையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. மனிதர் உடம்பு ஓரளவு தாங்கும். நாய்க்கு நாலைந்து நாளிலேயே வயிற்றில் புண் வந்துவிடலாம். அவன் போகிற மலத்தைப் பாருங்கள். தார் மாதிரி கறுத்து ஒட்டினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வாந்தி, அதிகத் தாகம், அதிக மூத்திரம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் மறுநாள் போய்விடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையே கையோடு எடுத்துப்போனால் இன்னும் நல்லது. சொல்லாமல் விட்டால் மருத்துவர் அன்றைக்கே வேறொரு வலி மருந்தைத் தொடங்கிவிடக்கூடும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வயிறும் சிறுநீரகமும் இரட்டிப்பாக அடிபடும். நடுவில் சில நாள் இடைவெளி விட்டாக வேண்டும். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதே டைக்ளோஃபினாக்கைத்தான் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2006-ல் இந்திய அரசு தடை செய்தது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. ஒரு மருந்து ஓர் உயிருக்கு மருந்தாகவும் இன்னோர் உயிருக்கு நஞ்சாகவும் இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பூனை விஷயத்தில் நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். கால்நடை மருத்துவராக நான் வேலையில் இருந்த காலத்தில், காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒன்றைப் பாலில் கரைத்துக் கொடுத்த ஒரு பூனையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சுக்குத் தவித்தது. என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்துவிடும். ஒரு மாத்திரை போதும், உயிர் போக. கொண்டுவந்தவர்கள் அன்பில்லாதவர்கள் இல்லை. உங்கள் அத்தையைப் போலவே பிரியத்தில் செய்ததுதான். வலித் தைலமும் பூச வேண்டாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் நக்கினால் உள்ளே போகும், பூனை நக்காமல் இருக்காது. நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் பூனைக்கு நஞ்சு.

இனி, 'வயசாயிட்டு' என்ற பேச்சுக்கு வருகிறேன். வயது ஒரு நோய் கிடையாது. 9 வயதில் லாப்ரடார் விறைத்து எழுந்தால் அவனுக்கு எங்கோ வலிக்கிறது. படுத்து எழுந்ததும் விறைப்பு, பத்து எட்டு நடந்தால் தளர்வு, மழையிலும் குளிரிலும் கூடுதல் என்று நீங்கள் எழுதியிருப்பது மூட்டுத் தேய்மானத்தின் அப்பட்டமான அடையாளம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இடுப்புக் கிண்ணமும் தொடை எலும்பின் பந்தும் குட்டியிலேயே சரியாகப் பொருந்தாமல் இருப்பதுண்டு. அது நடுவயதில் வலியாக வெளிப்படும். மணி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் தாவுகிறானா? உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறானா? தொடைச் சதை இளைத்து, முன்பக்கம் மட்டும் தடித்திருக்கிறதா? இவற்றைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். காலையில் அவன் படுக்கையை விட்டு எழும்புவதை உங்கள் போனில் அரை நிமிஷம் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பயமும் பரபரப்பும் சேர்ந்து எந்த நாயும் நன்றாகவே நடந்து காட்டும். 'வீட்டில்தான் நொண்டுது டாக்டர்' என்று வந்து சொல்லிச் சங்கடப்பட்டவர்கள் ஏராளம். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழும். வீடியோவை மெதுவாக ஓட்டினால் இது நன்றாகத் தெரியும்.

மூட்டுத் தேய்மானம் என்று நானே கடிதத்தை வைத்து முடிவு கட்டிவிடவும் மாட்டேன். நம் பக்கத்தில் கால் விறைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. தேரிக்காட்டுப் பக்கம் போனால் உடை முள் பாதத்தின் திண்டுக்குள் ஏறி நிற்கும், மேலே புண்ணே தெரியாது. விரல்களுக்கு நடுவே விரித்துப் பாருங்கள். அங்கேயே உண்ணியும் ஒட்டியிருக்கும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு ஒரு கால் என்று மாறி மாறி வலிக்கும். உடம்பு சுடும், சோர்ந்து கிடக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். டாக்சிசைக்ளினை மருத்துவர் சொன்ன அளவில் ஏறத்தாழ 4 வாரம் நிறுத்தாமல் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். இதை 'மூட்டு வலி' என்று விட்டுத் தாமதித்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சில விறைப்புகளுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. குட்டி போட்ட சில வாரங்களில் தாய் நாய், அதிலும் பொமரேனியன் போன்ற சின்ன இனம், கால் விறைத்து நடுங்கினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்துவிட்டது. ஊசி வழியே ஏற்றினால் கண்ணெதிரே எழுந்து நிற்கும், விட்டால் வலிப்பு வந்து போய்விடும். பூனை திடீரென அலறி, பின்னங்கால் இரண்டும் இழுபட்டு, பாதம் சில்லிட்டிருந்தால் ரத்தக் கட்டி குழாயை அடைத்திருக்கிறது. நாலு காலும் மரக்குதிரை போல விறைத்து, காது நிமிர்ந்து, முகம் இழுபட்டால் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். வயலுக்குப் போய்வந்த நாயின் கால் ஒன்று பொம்மென்று வீங்கினால் பாம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாத நாயோ பூனையோ தள்ளாடி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகினால் வாய்க்குள் எலும்பு சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோய் சில நேரம் இப்படிச் சாதுவாகவே வரும். மணிக்கும் செல்லிக்கும் அந்த ஊசி எந்த மாதம் போட்டது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள்.

செல்லியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் அதிகமாக உறுத்தியது. பூனை பெரும்பாலும் நொண்டிக் காட்டாது. வலித்தால் செய்கிற வேலையைக் குறைத்துக்கொள்ளும், நாம் அதைச் சோம்பல் என்போம். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. மச்சுக்கு ஏறுவதை அவள் விட்டது அதனால் இருக்கலாம். அடுக்களைத் திண்டுக்கு ஒரே தாவில் ஏறியவள் இப்போது முதலில் நாற்காலி, பிறகு திண்டு என்று போகிறாளா? வால் பக்கத்து முடி சிக்குப் பிடித்திருக்கிறதா? முதுகைத் திருப்பி நக்க வலித்தால் அங்கேதான் முதலில் சிக்கு விழும். நகம் வளைந்து பாதத் திண்டுக்குள் குத்துகிறதா? தூக்கினால் சீறுகிறாளா? புறவாசல் மணலுக்குப் போகாமல் தார்சாவிலேயே மூத்திரம் போனால் திட்டாதீர்கள்; படி இறங்க முடியாததால் இருக்கலாம். பிளாஸ்டிக் டப் ஒன்றில் மணல் நிரப்பி, ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்தி உள்ளேயே வையுங்கள். ஜன்னலடியில் ஒரு முக்காலி போட்டால் அவளுக்கு ஏற ஒரு படி கிடைக்கும். மருத்துவரிடம் அவளையும் மூடி உள்ள கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்திக் கொண்டுபோங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியிலேயே முதல் பரிசோதனையை முடித்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே வேண்டும் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மணியை ஆட்டோவில் ஏற்றும்போது அடிவயிற்றுக்குக் கீழே பழைய சேலையை மடித்துக் கொடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். நாய்க்கென்றே எடைக் கணக்கில் கொடுக்கும் வலி மருந்துகள் உண்டு. வயிறு ஆறி, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் மருத்துவரே அவற்றில் ஒன்றைத் தொடங்குவார்.

மருந்துக்குச் சமமாக வேலை செய்வது எடை. எத்தனை கிலோ இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அவன் குண்டு. 48 லாப்ரடார் குட்டிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாழ்நாள் முழுக்கக் கால்வாசிச் சாப்பாட்டைக் குறைத்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் 2002-ல்தான் வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஒன்றே முக்கால் வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. பசி திரும்பியதும் சோற்றைக் குறைத்து, உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த சாளை மீன் வாரம் இரண்டு மூன்று தடவை கொடுங்கள். அந்த மீன் கொழுப்பு மூட்டு அழற்சிக்கு நல்லது. பிஸ்கட்டை அடியோடு நிறுத்துங்கள். கால்சியம் டானிக் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், தேய்ந்த மூட்டுக்கு அதனால் பலன் இல்லை. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மீறிக் கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கோணும்.

தரை டைல்ஸா? அப்படியானால் அவன் எழும்போதெல்லாம் பின்னங்கால் வழுக்கி, வலிக்கிற மூட்டு மறுபடி இழுபடுகிறது. பத்தமடை உங்களுக்குப் பக்கம்தான். கல்யாணப் பட்டுப் பாய் வேண்டாம், முரட்டுக் கோரைப் பாய் போதும். பாயே வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, படுக்கையிலிருந்து வாசல் வரை விரித்துவிடுங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடத்துவதை விட்டு, பத்துப் பதினைந்து நிமிஷமாக மூன்று தடவை பைய நடத்துங்கள். மழை நின்று கால்வாயில் தண்ணீர் அமைதியான பிறகு, அவன் இடுப்பு மட்டம் நனையும் ஓரத்தில் வார் பிடித்து நடக்க வைக்கலாம். அந்த மட்டத்தில் காலில் இறங்கும் பாரம் பாதிக்கும் கீழே போய்விடும். வெள்ளம் ஓடும்போது ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

அத்தையிடம் மாத்திரை அட்டையை வாங்கி வைக்கும்போது கோபப்படாதீர்கள். அவர்கள் கைக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, தம் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மணியின் இடுப்பிலும் தொடையிலும் பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாக வீங்கிய மூட்டில் மட்டும் சூடு வேண்டாம். காலை நடைக்கு முன்னால் கொடுத்தால் அந்தப் பத்து எட்டுக் கெந்தல் குறையும். கிரியேட்டினின் எவ்வளவு என்று வந்ததும் எனக்கு எழுதுங்கள். செல்லி முக்காலியில் ஏறினாளா என்பதையும்.