மாடு மேய்க்கவா அமெரிக்கா அனுப்பினோம்?

வணக்கம் அம்மா,

"படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்னு சொல்லிச் சொல்லி வளர்த்தோம். இப்ப படிச்சுக்கிட்டே மாடு மேய்க்கப் போறேங்கிறா" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் உங்கள் தவிப்பு புரிகிறது. கொலராடோவில் விருந்தோம்பல் மேலாண்மை படிக்கிற பெண், கோடை விடுமுறையில் டென்வரில் ஏதாவது பெரிய ஹோட்டலில் பயிற்சிக்குப் போவாள் என்று நினைத்திருப்பீர்கள். மலைமேல் இருக்கிற மாட்டுப் பண்ணையிலிருந்து வேலைக் கடிதம் வந்தால் எந்தத் தாய்க்கும் திக்கென்றுதான் இருக்கும்.

அவளுக்கு வந்திருப்பது விருந்தாளிகளைத் தங்கவைக்கிற ரான்ச்சில், அதாவது பெரிய மேய்ச்சல் பண்ணையில், வேலை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இது நூறு ஆண்டுகளைத் தாண்டிய தொழில். 1880களில் வடக்கு டகோட்டாவின் மெடோரா பக்கம் ஈட்டன் சகோதரர்கள் மூன்று பேர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கு நகரங்களிலிருந்து நண்பர்கள் வந்து வாரக்கணக்கில் தங்கினார்கள். வருகிறவர்களுக்குச் சோறு போட்டே கட்டுப்படியாகாமல் போக, தங்குவதற்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். 1886-87 குளிர்காலத்தில் அந்தச் சமவெளிகளில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஈட்டன் குடும்பம் 1904இல் வயோமிங்கின் ஷெரிடன் அருகே குடிபெயர்ந்தது. அந்த ரான்ச்சுக்கு இன்றும் விருந்தாளிகள் வருகிறார்கள். 1926இல் இந்தத் தொழில்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். ஆக, இது நேற்று முளைத்த ரிசார்ட் இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் விருந்தாளிதான் வருமானம். குதிரை நிறைய, மாடு பேருக்குக் கொஞ்சம். இன்னொன்றில் மாடுதான் பிழைப்பு. வருகிறவர்கள் பண்ணை வேலைக்கு ஒத்தாசை செய்து மகிழ்கிறவர்கள். மகளுக்கு வந்தது எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விருந்தோம்பல் படிக்கிறவளுக்கு முதல் வகைதான் பொருத்தம் என்பது என் கருத்து. இரண்டாவது வகையில் மழை வந்தாலும் மாடு வேலி தாண்டினாலும் அன்றைய திட்டமே மாறிவிடும், விருந்தாளியை யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தீர்கள். குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களை ராங்லர் என்பார்கள். அவர்கள் எழுந்திருப்பது விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு. இரவு முழுக்க மேய்ச்சல் காட்டில் நின்ற குதிரைகளைப் பட்டிக்கு ஓட்டிவந்து, தேய்த்துவிட்டு, குளம்பைப் பார்த்து, சேணம் போட்டு முடிப்பதற்குள் காலைச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். சமையலறைக்காரர்களும் அதே நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைத்திருப்பார்கள். காலையில் ஒரு சவாரி, மதியச் சாப்பாடு, பிற்பகலில் இன்னொரு சவாரி. ராக்கி மலைகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் திடீரென்று இடி மின்னல் வரும். அதனால் உயரமான முகடுகளுக்குப் போகிற நெடும்பயணத்தை மதியத்துக்குள் முடித்துக்கொள்வார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தீ மூட்டிப் பாட்டு, ஒரு நாள் நடனம், குழந்தைகளுக்கு ஏதாவது விளையாட்டு. வேலைக்காரர்களும் அதில் கலந்துகொள்ள வேண்டும். களைப்பாக இருக்கிறது என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது.

பல ரான்ச்சுகளில் ஒரு குடும்பம் வந்தால் ஒரு வாரம் முழுக்க இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து அடுத்த சனிக்கிழமை கிளம்புவார்கள். அந்தச் சனிக்கிழமைதான் எல்லாருக்கும் முதுகு ஒடிகிற நாள். ஒரே நாளில் எல்லாக் கேபின்களையும் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, விறகு அடுக்கி, அடுத்த கூட்டத்துக்குத் தயாராக வைக்க வேண்டும். வேலைக் கடிதத்தில் எந்தப் பதவி எழுதியிருந்தாலும் அன்றைக்கு எல்லாரும் துடைப்பம் எடுப்பார்கள்.

விருந்தாளிகளோடு பழகுவதில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது, அம்மா. ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு ஒரு விருந்தாளியோடு மொத்தமே ஐந்து நிமிடப் பழக்கம். இங்கே அதே மனிதரோடு ஒரே நீள மேசையில் உட்கார்ந்து ஆறு நாள் சாப்பிட வேண்டும். முதல் ராத்திரிக்குள் எல்லார் பெயரும் மனப்பாடமாகிவிட வேண்டும். யாருக்கு முட்டி வலி, எந்தக் குழந்தைக்கு நிலக்கடலை ஆகாது, எந்தத் தம்பதி பேசிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் பட வேண்டும், வாயில் வரக்கூடாது. ஒவ்வொரு ஆண்டும் அதே வாரத்துக்கு வந்து, அதே கேபினைக் கேட்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குத் தங்கள் வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இருக்க வேண்டும். இந்தத் திறமையை எந்தக் கல்லூரியும் வகுப்பில் கற்றுத்தர முடியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வந்த முதல் நாள் விருந்தாளியிடம், "குதிரை ஏறிப் பழக்கம் உண்டா?" என்று கேட்பார்கள். ஆண்களில் பலர் இருப்பதைவிட ஒரு படி கூட்டியே சொல்வார்கள்! அந்தப் பதிலை அப்படியே நம்பி முரட்டுக் குதிரையைக் கொடுத்தால் எலும்பு முறியும்; நம்பவில்லை என்று முகத்தில் காட்டினால் மனம் முறியும். ஏறுகிற விதத்தையும் கடிவாளத்தைப் பிடிக்கிற கையையும் பார்த்து அனுபவசாலிகள் அளந்துவிடுவார்கள். "இந்தக் குதிரைக்கு உங்களைப் பிடிக்கும்" என்று சொல்லிச் சாதுவான ஒன்றைக் கொடுப்பார்கள். உங்கள் மகள் குதிரைப் பக்கம் வேலை செய்யாவிட்டாலும் இதைப் பக்கத்திலிருந்து பார்ப்பாள். நாளைக்கு எந்த ஹோட்டலில் மேலாளராக உட்கார்ந்தாலும் இது உதவும்.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். காங்கேயம் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு மாடு புதிதல்ல என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஆனால் அங்கே அந்தப் பழக்கம் பாதிதான் கைகொடுக்கும். நம் வீட்டு மாடு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். கழுத்தைத் தடவினால் நிற்கும். அங்கே வெட்டவெளியில் மேய்கிற இறைச்சி மாடு மனிதன் கிட்டே வந்தாலே விலகும். எவ்வளவு தூரத்துக்குள் போனால் அது நகரும் என்பதுதான் அங்கே பாடம். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இதைப் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். மாட்டின் அந்த எல்லைக்குள் ஓர் அடி வைத்தால் அது நடக்கும், பின்வாங்கினால் நிற்கும். தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் பின்னே போகும். கத்தத் தேவையில்லை, கம்பும் தேவையில்லை. தாயும் கன்றும் பிரிந்துவிட்டால் தாய் கிளம்பிய இடத்துக்கே திரும்பி ஓடும் என்பதால், ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகத்தான் ஓட்டுவார்கள். விருந்தாளிகள் குதிரைமேல் உட்கார்ந்து இதில் சேர்ந்துகொள்வார்கள். வாரத்திலேயே அவர்களுக்கு மிகவும் பிடித்த நாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். அது மாட்டிறைச்சிக்காக மாடு வளர்க்கிற இடம். வசந்த காலத்தில் கன்றுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள், இலையுதிர் காலத்தில் விற்பனைக்கு ஏற்றுவார்கள். சாப்பாட்டு மேசையிலும் அதே இறைச்சி வரும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் பூசுகிற வீட்டிலிருந்து போகிறவளுக்கு இது மனதைத் தொடுகிற விஷயம். அவள் பரிமாற வேண்டியிருக்கலாம். தான் சாப்பிட வேண்டியதில்லை. சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதை வேலைக்குச் சேர்கிறதற்கு முன்பே எழுதிக் கேட்கட்டும். விருந்தாளிகளிலும் சைவர்கள் வருவதால் சமையலறைக்குப் பழக்கம்தான். ஆனால் மாட்டைப் பற்றிய எண்ணத்தில் அவளுக்கே தடுமாற்றம் இருந்தால், அதை இப்போதே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு விருந்தோம்ப முடியாது.

இனி காகிதங்கள். நான் கறாராக இருக்கப்போவது இதில்தான். எஃப்-1 விசாவில் இருக்கிற மாணவி கல்லூரிக்கு வெளியே, அதுவும் படிப்பு முடிவதற்கு முன், வேலை செய்ய சி.பி.டி. என்ற, பாடத்திட்டம் சார்ந்த பயிற்சிக்கான அனுமதி வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். வேலை அவள் பாடத்திட்டத்தோடு பொருந்த வேண்டும். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அந்த அனுமதியைப் பதிந்து புது ஐ-20 (மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தருகிற படிவம்) கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட வேலையில் இறங்கக்கூடாது. வேலைக் கடிதத்தில் 'விருந்தாளி சேவைப் பயிற்சி' என்று இருப்பது நல்லது. நாளெல்லாம் குதிரைக்குச் சேணம் போடவைத்தாலோ அறைகளை மட்டும் துடைக்கவைத்தாலோ அது அவள் படிப்பு சார்ந்த வேலை ஆகாது, பிறகு விசாவுக்கே வில்லங்கம். அதனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்ன வேலை என்று ரான்ச் எழுதிக் கொடுக்கட்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டால் படிப்புக்குப் பிறகு அங்கேயே வேலைப் பயிற்சி பெறுகிற ஓ.பி.டி. வாய்ப்பு போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியதாகச் சொன்னீர்கள். அது சரியான தகவல்தான், ஆனால் மூன்று மாதக் கோடைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உங்கள் அண்ணன் மகனும் அங்கே போக ஆசைப்படுகிறான் என்றீர்கள். அவன் கோவையில் படிக்கிறவன் என்பதால் வழி வேறு. ஜே-1 விசாவில் கல்லூரி மாணவர்களுக்கான கோடைக்கால வேலைத் திட்டம் இருக்கிறது, அதிகபட்சம் நான்கு மாதம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும், அந்தப் பட்டியல் அந்தத் துறையின் இணையதளத்திலேயே உள்ளது. சுற்றுலா விசாவில் போய் 'தங்குமிடம், சாப்பாட்டுக்குப் பதிலாக உதவி' என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாற வேண்டாம். சம்பளம் கைக்கு வராவிட்டாலும் சட்டப்படி அது வேலைதான். பிடிபட்டால் அடுத்த விசா கிடைப்பதே கஷ்டமாகிவிடும்.

சம்பளத்தில் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். தங்க இடமும் சாப்பாடும் பண்ணையிலேயே. மேலே கொஞ்சம் பணம், அதற்கும் மேலே விருந்தாளிகள் கொடுக்கிற டிப்ஸை மொத்தமாகச் சேர்த்து எல்லாருக்கும் பிரிப்பது. கொலராடோவின் குறைந்தபட்ச ஊதியம் நாடு முழுவதற்குமான மணிக்கு 7.25 டாலரைப் போல் இருமடங்கு அளவில் இருக்கிறது. ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுக்காக எவ்வளவு கழிக்கிறார்கள், டிப்ஸை எப்படிப் பிரிக்கிறார்கள், சீசன் முடிவதற்கு முன் கிளம்பினால் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) வரி கிடையாது. சிறிய நிறுவனங்கள் தெரியாமல் அந்த வரிகளுக்காகச் சம்பளத்தில் 7.65 சதவீதத்தைப் பிடித்துவிடுவதுண்டு. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அவள் அதைப் பார்க்கட்டும்.

குதிரையிலிருந்து விழுந்துவிடுவாளோ என்பதுதான் உங்கள் முதல் பயம். என் கவலை வேறு. வாரத்தில் ஆறு நாள் வேலை, மூன்று நான்கு பேர் தங்குகிற அறை, கூப்பிடு தூரத்தில் விருந்தாளிகள், ஊருக்குப் போக வண்டி இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க இடமே இருக்காது. ஜூலை நடுவில் இந்தக் களைப்பு மொத்தமாக வந்து அமுக்கும். சின்ன விஷயத்துக்குக் கண்ணீர் வரும். அப்போது அவள் வேலையை விடுகிறேன் என்று சொன்னால், உடனே "வந்துவிடு" என்றும் சொல்லாதீர்கள், "நான் அப்பவே சொன்னேனே" என்றும் சொல்லாதீர்கள். ஓய்வு நாளில் நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே முடிவு என்றால் அவள் பேச்சைக் கேளுங்கள்.

பெண் பிள்ளை என்பதால் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்கவைக்க வேண்டும். பெண்களுக்குத் தனித் தங்குமிடமா? அறைக்குப் பூட்டு உண்டா? விருந்தாளி எல்லை மீறினால் யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன செய்வார்கள்? வேலை நேரத்துக்குப் பிறகு மது பற்றி என்ன விதி? அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? இந்தக் கேள்விகளுக்குப் பதற்றமில்லாமல் பதில் சொல்கிற ரான்ச் பெரும்பாலும் நல்ல இடமாகத்தான் இருக்கும். மழுப்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அடுத்த ஆண்டு இன்னொரு கோடை வரும். போன ஆண்டு அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். திரும்பவும் அதே இடத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் அவள் விசாரிக்கட்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம், எட்டாயிரம் அடியில் இருக்கிற இடம் என்பதால் முதல் வாரம் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஜூன் மாதத்திலும் இரவில் உறைபனி வரலாம். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் கட்டாயம். குதிகால் வைத்த பூட்ஸை முன்னாலேயே வாங்கிப் போட்டுப் பழகட்டும். புது பூட்ஸோடு முதல் நாள் போனால் கால் கொப்பளித்துவிடும். நீங்கள் பருப்புப்பொடியும் ஊறுகாயும் அனுப்புவதை நான் தடுக்கப்போவதில்லை.

கைப்பேசிச் சிக்னல் பல இடங்களில் இருக்காது. ரான்ச் அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு மட்டும். கோடையில் கொலராடோவுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். வேலை முடிந்து அவள் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. வாரத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தில் பேசுவது என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். புது ஐ-20 வந்ததும் அதன் நகலையும் வேலைக் கடிதத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், தேதிகளையும் வேலை விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.