கொடைக்கானல் வீடும் அம்மாவின் மிக்ஸியும்

கேள்வி: மே மாத விடுமுறையில் மூன்று நாள் கொடைக்கானல் போகிறோம். அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், நாங்கள் என மொத்தம் 12 பேர். ஓட்டலில் ஆளுக்கொரு பக்கம் ரூம் போடுவதைவிட ஒரே வீடாக எடுத்தால் எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வில்பட்டிப் பக்கம். கண்ணாடிச் சுவர், பள்ளத்தாக்குக் காட்சி, கேம்ப் ஃபயர் எல்லாம் உண்டு, நாளுக்கு 14,000 ரூபாய். இன்னொன்று நாயுடுபுரத்தில் பழைய வீடு, 9,000 ரூபாய், காட்சி ஒன்றும் இல்லை. இரண்டிலும் சமையலறை இருப்பதால் ஓட்டல் செலவு மிச்சம். மிக்ஸி மட்டும் இல்லையாம், அம்மா ஊரிலிருந்தே எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும்?
- திருச்சி வாசகர்

பதில்: எந்த வீடு என்பதற்கு அப்புறம் வருகிறேன், தம்பி. முதலில் அந்த மிக்ஸியைப் பற்றிப் பேசுவோம்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி எழுதினீர்கள், கேம்ப் ஃபயரைப் பற்றி எழுதினீர்கள். அம்மா மிக்ஸி எடுத்து வருவதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா?

உங்கள் அம்மா மிக்ஸியோடு நிறுத்தப் போவதில்லை. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, அப்பாவுக்குக் கேழ்வரகு மாவு என்று ஒரு கட்டைப்பை நிறையும். மலைக்குளிரில் மாவு சீக்கிரம் புளிக்காது என்று அவருக்குத் தெரியும். அதனால் திருச்சியிலேயே அரைத்துப் புளிக்கவைத்துத் தூக்கில் ஊற்றிக்கொள்வார். திண்டுக்கல் வெயிலைத் தாண்டி வத்தலக்குண்டு போவதற்குள் அது பொங்கி மூடியைத் தள்ளும். கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவீர்கள். அவர் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, இன்னொரு கையால் தூக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்.

அங்கே போன பிறகு? ஆளுக்கு நான்கு என்றாலும் 12 பேருக்கு 48 இட்லி. வாடகை வீட்டில் இருக்கிற சட்டியில் மூன்று ஈடு, இல்லை நான்கு. சட்னி, காபி, குழந்தைகளுக்குப் பால். பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் மணி பதினொன்று. அடுத்து மதியச் சாப்பாடு. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் உள்ளே பருப்பு வேகாது. திருச்சியில் அரை மணியில் இறக்குகிற பாத்திரத்துக்கு அங்கே இன்னும் நேரம் நிற்க வேண்டும். மேயிலும் இரவில் 12 டிகிரி வரை இறங்குகிற ஊரில், ராத்திரி எச்சில் தட்டுகளை ஐஸ் மாதிரி தண்ணீரில் கழுவப் போவது யார்? நீங்களா, அண்ணனா, மாப்பிள்ளையா? கேம்ப் ஃபயரைச் சுற்றி உட்காரப் போகிறவர்கள் யார் என்று மட்டும் எனக்குத் தெரிகிறது.

“அம்மாவுக்குச் சமைத்துப் போடுவதில்தான் சந்தோஷம்” என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். இந்தப் பத்தியில் அதைப் படித்துப் படித்து எனக்குச் சலித்துவிட்டது. வேறு எது சந்தோஷம் என்று ஒரு நாளாவது அவரிடம் கேட்டிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். “மனைவியும் அண்ணியும் கூடமாட ஒத்தாசை செய்வார்கள்” என்பதும் வேண்டாம். அவர்களும் உங்கள் காரில் விடுமுறைக்குத்தான் ஏறுகிறார்கள்.

ஓட்டல் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டீர்களே, அந்த மிச்சம் அம்மாவின் முதுகிலிருந்து வருகிறது. பெற்றவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு நண்பர்களோடு மலையேறுகிற பிள்ளைகள் நடுவே, நீங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அது சரிதான், பிள்ளைகள் செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் கூட்டிக்கொண்டு போய் வேறு ஊர் அடுப்படியில் நிறுத்துவதற்கு, அவர் திருச்சியிலேயே இருக்கலாம். தெரிந்த அடுப்பு, கைக்கு எட்டுகிற டப்பா, காலுக்குப் பழகிய தரை.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நாயுடுபுரத்து வீட்டையே எடுங்கள். காட்சி இல்லை என்கிறீர்கள். பகலெல்லாம் வெளியே காட்சி பார்க்கத்தானே போகிறீர்கள்? ஊருக்குள் இருந்தால் காலையில் நடந்து போய் டீயும் டிபனும் வாங்கி வர ஆள் இருக்கும். வில்பட்டிப் பக்கம் மாலையில் மூட்டம் இறங்கிவிட்டால் நாலு பரோட்டா வாங்கக்கூட யாரும் வண்டியை எடுக்க மாட்டீர்கள். “அம்மா, ஏதாவது செஞ்சிடும்மா” என்பீர்கள். அப்பாவுக்கு மருந்துக்கடை, அவசரம் என்றால் மருத்துவர், எல்லாமே ஊருக்குள்தான் பக்கம். சரிவில் கட்டிய வீடுகளில் கார் நிற்கிற இடத்திலிருந்து வாசலுக்குப் படிக்கட்டாய் இறங்கும். எந்த விளம்பரப் படத்திலும் அந்தப் படிகளைக் காட்ட மாட்டார்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் வீட்டுக்காரரிடம் வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையை விடுங்கள், குளியலறையையும் அடுக்களையையும் பாருங்கள். அப்பா அம்மா தூங்கும் அறை தரைத்தளத்தில் இருக்க வேண்டும்; அதோடு ஒட்டிய வெஸ்டர்ன் டாய்லெட், ஓடுகிற கீசர் இரண்டும் வேண்டும். சீசனில் அங்கே தண்ணீர் தட்டுப்பாடு வரும். லாரித் தண்ணீர் என்றால் காசு யார் தலையில் என்று இப்போதே பேசிவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருப்பதால் குடிநீர் கேன் உண்டா என்றும் கேளுங்கள்.

முக்கியமான கேள்வி இது: வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ அவர் வீட்டம்மாவோ சமைத்துத் தருவார்களா? அந்த ஊரில் பல வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. மளிகையை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் சமையல் கூலி மட்டும், அல்லது தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்கு உப்பு குறைவாக, காரம் குறைவாக என்று முன்கூட்டியே சொன்னால் செய்வார்கள். இரவுக்கு ஒரு ரசம் சோறு போதும் என்றால் அதை நீங்களும் அண்ணனும் வையுங்கள். குக்கரில் அரிசி வைக்க 12 பேரில் இரண்டு ஆண்களுக்குத் தெரியாது என்றால், பயணத்துக்கு முன் கற்றுக்கொள்ள நாள் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசமே நாளுக்கு 5,000 ரூபாய். ஆள் வைத்துச் சமைக்க அதுவே கை கொடுக்கும்.

இ-பாஸ் மறந்துவிடாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று கட்டுப்பாடும் வந்தது. திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொண்டால் நெரிசலும் குறையும், வாடகையும் பேசிக் குறைக்கலாம்.

சமையல் கூலியில் அக்காவிடம் பங்கு கேட்காதீர்கள், அது பிள்ளைகள் இரண்டு பேரின் பொறுப்பு. இன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டு, பிறகு வீட்டுக்காரருக்கு முன்பணம் அனுப்புங்கள்.