சர்ச்சில் தோற்றபோது – கடிதம்

வணக்கம் சார்,

1945 பிரிட்டிஷ் தேர்தலைப் பற்றி நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். போரில் ஜெயித்துக்கொடுத்த சர்ச்சிலை இரண்டே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியது நன்றிகெட்டதனம் என்கிறான் ஒருவன். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தத் தோல்வியை அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? நம்மூர்க் கட்சிகள் மாதிரி யார் தலையிலாவது பழியைப் போட்டார்களா?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

போட்டார்கள், தாராளமாக. முதலில் மாட்டியது ராணுவம். போர்க்காலத்தில் சிப்பாய்களுக்கு நாட்டு நடப்பு பற்றி வகுப்புகள் நடந்தன. அதில் இடதுசாரி வாத்தியார்கள் புகுந்து பையன்களின் மனதைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள்.

வாக்குப்பதிவு ஜூலை 5. வெளிநாடுகளில் இருந்த சிப்பாய்களின் ஓட்டு வந்துசேர வேண்டும் என்பதால் முடிவு வெளியானது ஜூலை 26. அந்த மூன்று வாரமும் கட்சி தெம்பாகவே இருந்தது. எதிர்த்து நின்ற தொழிற்கட்சி முந்துகிறது என்று கருத்துக்கணிப்பு சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. எண்ணிப் பார்த்தால் தொழிற்கட்சிக்கு 393 இடம், கன்சர்வேடிவ்களுக்கும் கூட்டாளிகளுக்கும் சேர்த்து 213. இந்தியாவுக்கான அமைச்சர் லியோ அமெரியே பர்மிங்ஹாமில் தோற்றார். (இங்கே யாரும் அதற்கு அழுதிருக்க மாட்டார்கள்.)

நன்றி விஷயத்தில் உங்கள் நண்பரைவிட சர்ச்சிலே நிதானம். மக்கள் நன்றிகெட்டவர்கள் என்று அவருடைய டாக்டர் மோரன் பிரபு சொன்னபோது, அப்படிச் சொல்ல மாட்டேன், அவர்கள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டார்கள் என்றாராம். அதே மனிதர்தான் ஜூன் 4 வானொலிப் பேச்சில், சோஷலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தால் ஏதோ ஒரு வகை கெஸ்டபோவை, அதாவது ஹிட்லரின் ரகசியப் போலீஸ் மாதிரி ஒன்றை, வைத்துத்தான் ஆள வேண்டியிருக்கும் என்றார். போர்க்காலக் கூட்டணி அரசில் ஐந்து வருஷம் தன் பக்கத்திலேயே அமைச்சராக உட்கார்ந்திருந்த தொழிற்கட்சித் தலைவர் அட்லியின் கட்சியைப் பார்த்து! மறுநாள் இரவு அட்லி பதில் சொன்னார்: போர்த் தலைவர் சர்ச்சில் வேறு, கட்சித் தலைவர் சர்ச்சில் வேறு என்று ஜனங்களுக்குப் புரியவைக்கத்தான் அவர் அப்படிப் பேசினார் போலிருக்கிறது.

ஜனங்களும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, அதாவது சமூகக் காப்பீடு பற்றிய ஒரு அரசாங்க அறிக்கை, லட்சக்கணக்கில் விற்றது. வீடு, வேலை, வைத்தியம் என்று எதிர்பார்த்து நின்றவர்களிடம் கன்சர்வேடிவ்கள் பிடிகொடுக்காமலே பேசினார்கள். முப்பதுகளின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் யார் ஆட்சி என்பதும் யாருக்கும் மறக்கவில்லை.

எனக்குச் சுவாரசியமானது அப்புறம் நடந்ததுதான். தலைவர் செப்டம்பரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரைக்குப் படம் வரையப் போய்விட்டார். கட்சியைத் தூக்கி நிறுத்தியவர்கள் வேறு ஆட்கள். போர்க்கால உணவு அமைச்சர் வுல்டன் பிரபு அதுவரை எந்தக் கட்சியிலும் இல்லாதவர். தோற்ற பிறகுதான் வந்து சேர்ந்தார். பெரிய கடை நிர்வாகம் பார்த்த மனுஷன். 1946இல் கட்சி நிர்வாகம் அவர் கைக்கு வந்தது, பணமும் உறுப்பினர்களும் சேர ஆரம்பித்தது. கொள்கைப் பக்கம் பார்த்தவர் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான பட்லர். அவர் குழு 1947 மே மாதம் வெளியிட்ட தொழில் சாசனம் என்ற கொள்கை அறிக்கை, தொழிற்கட்சி ஆட்சி சொன்னபடி நிலக்கரிச் சுரங்கமும் ரயிலும் அரசிடமே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டது.

சர்ச்சிலுக்கு இதில் மனசே இல்லை. அந்த ஆண்டு மாநாட்டுப் பேச்சுக்காகச் சாசனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதித் தரச் சொன்னார். எழுதிக்கொடுத்தவர் ரெஜினால்ட் மாட்லிங், பின்னாளில் நிதியமைச்சரானவர். படித்துவிட்டு, இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு உடன்பாடில்லையே என்றாராம் சர்ச்சில். மாநாடு ஏற்றுக்கொண்டது இதைத்தான் என்று மாட்லிங் சொல்ல, சரி, இருக்கட்டும் என்று மேடையில் அதையே படித்தார்.

அப்படியானால் மாறியது வேஷமா என்று கேட்பீர்கள். பாதி வேஷம்தான் என்பேன், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. 1946இல் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த தேசிய மருத்துவச் சேவை மசோதாவை எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள், 1951இல் சர்ச்சில் தலைமையில் திரும்பி வந்தபோது அந்தச் சேவையைக் கலைக்கவில்லை. தொழிற்கட்சி அரசுடைமையாக்கிய இரும்பாலைகளையும் லாரிப் போக்குவரத்தையும் திரும்பத் தனியாரிடம் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். சுரங்கத்தையும் ரயிலையும் தொடவில்லை.