தீம் அப்புறம், முதலில் ஃபீல்டு

கேள்வி: தொழிற்சாலைகளுக்கான பம்புகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. அறுபதுக்கும் மேல் மாடல்கள் உண்டு. ஒரு மாடலின் விவரம் மாறினால்கூட டெவலப்பரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புது இணையதளத்துக்காக மூன்று பேரிடம் பேசினோம். வேர்ட்பிரஸ்ஸில் ரெடிமேட் தீம் (தயாராகக் கிடைக்கும் பக்க வடிவமைப்பு) போதும் என்கிறார் ஒருவர். எங்கள் பொருட்களுக்கேற்ப சிஎம்எஸ்ஸை (தளத்தின் உள்ளடக்கத்தை நாமே சேர்க்கவும் மாற்றவும் உதவும் மென்பொருள்) வடிவமைத்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் எல்லாவற்றையும் புதிதாகவே எழுதலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூன்றாமவரை விட்டுவிடுங்கள். லாகின், யாருக்கு என்ன அனுமதி, படங்களைச் சேமிப்பது, தவறாக மாற்றியதைப் பழையபடி ஆக்குவது, இதெல்லாம் ஏற்கெனவே தீர்ந்துபோன வேலைகள். சிஎம்எஸ்களில் துருபல் 2001-லும் வேர்ட்பிரஸ் 2003-லும் வந்தவை. அவை பல்லாயிரம் பேர் கைபட்டுத் தேறியிருக்கின்றன. அதை ஒருவர் தனியாக மறுபடி எழுதினால், அவர் வேறு வேலைக்குப் போன மறுநாள் நீங்கள் திண்டாடுவீர்கள்.

மிச்சம் இரண்டு பேர். அவர்களில் யார் எந்த சிஎம்எஸ்ஸைச் சொல்கிறார் என்பதைவிட, உங்கள் தகவலை எப்படிச் சேமிக்கப் போகிறார் என்பதைப் பாருங்கள். ஒரே ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். ரெடிமேட் தீமில் பெரும்பாலும் ஒரு பெரிய எழுதும் பெட்டி இருக்கும். மாடல் எண், குதிரைத்திறன், எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும், உடல் எந்த உலோகம் என்று எல்லாவற்றையும் அதில்தான் தட்டச்சு செய்வீர்கள். பக்கம் அழகாகவே வரும். ஆனால் ஒருவர் '7.5 ஹெச்.பி.' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஏழரை குதிரைத்திறன்' என்பார். கணினிக்கு இரண்டும் வெறும் எழுத்து. '10 ஹெச்.பி.க்குக் குறைவானவற்றைக் காட்டு' என்று வாடிக்கையாளர் கேட்டால் தளத்தால் பதில் சொல்ல முடியாது.

அதையே தனித்தனி ஃபீல்டாக, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தனிக் கட்டமாக, வைத்தால் கதை வேறு. குதிரைத்திறனுக்கு ஓர் எண் ஃபீல்டு, அதில் 7.5 மட்டும். தயாரிப்புப் பக்கம், ஒப்பீட்டு அட்டவணை, முகப்பில் வரும் சிறு அட்டை என்று எல்லா இடமும் அந்த ஒரே எண்ணைத்தான் எடுத்துக் காட்டும். கிலோவாட் வேண்டுமா? 5.6 என்று தளமே கணக்கிட்டுப் போடும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: அந்த ஃபீல்டை எழுத்து வகையாக வைத்துவிட்டால், வரிசைப்படுத்தும்போது 10 முன்னாலும் 7.5 பின்னாலும் வந்து நிற்கும். முதல் எழுத்தை மட்டும் பார்த்து 1 சிறியது, 7 பெரியது என்று முடிவு கட்டிவிடும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நான் சரிசெய்யப் போன தளங்களில் அடிக்கடி பார்த்த கோளாறு இது.

ஆகவே நான் இரண்டாமவர் பக்கம். அதற்காக வேர்ட்பிரஸ் ஆகாது என்று அர்த்தமில்லை. 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே 'பம்பு' என்று தனி உள்ளடக்க வகை ஒன்றை அதில் முறையாக உருவாக்க முடிகிறது. ஃபீல்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரு ப்ளக்இன்னை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்ப்பார்கள். துருபலில் 2011-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து ஃபீல்டு வசதி உள்ளேயே இருக்கிறது. இந்த இரண்டும் இலவசம். கிராஃப்ட் என்ற இன்னொரு சிஎம்எஸ்ஸில் குழுவாக வேலை செய்ய உரிமக் கட்டணம் உண்டு. உங்கள் அளவுக்கு மூன்றுமே தாங்கும். அவருக்குக் கைவந்தது எதுவோ அதில் செய்யட்டும்.

'வளைந்து கொடுக்கும்' என்ற பேச்சில் மட்டும் மயங்கிவிடாதீர்கள். எதை வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம் என்று ஒரு பேஜ் பில்டரைக் கையில் கொடுத்தால், ஆறு மாதத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு முகத்தோடு நிற்கும். சில பில்டர்களை நிறுத்தியதும் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிக்குள் ஏதேதோ குறியீடுகள் எட்டிப் பார்க்கும். உங்கள் எழுத்து அதற்குள் சிக்கிக் கிடக்கும். தகவலை மாற்றும் உரிமை அலுவலகத்தில் எல்லோருக்கும் இருக்கட்டும், வடிவத்தை மாற்றும் உரிமை ஒருவருக்குப் போதும்.

பேரம் பேசும் முன் ஒரு சோதனை வையுங்கள். மூன்று மாடல்களின் விவரத்தை இருவரிடமும் கொடுங்கள். அதில் ஒன்று கொஞ்சம் ஏடாகூடமானதாக இருக்கட்டும், ஒரே பம்பு இரண்டு மோட்டார்களோடு விற்பனையாவது போல. அட்மின் திரை எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல டெவலப்பர் உடனே, 'மோட்டாரைத் தனி வகையாக வைத்துப் பம்போடு இணைக்கலாமா?' என்று எதிர்க்கேள்வி கேட்பார். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்பவரிடம் ஜாக்கிரதை. அவர் பார்ப்பது வேலை முடிந்த பிறகுதான்.

அடுத்த பெரிய பதிப்புக்கு எப்படி மாறுவது என்பதையும் கேட்டு வையுங்கள். துருபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரியில் நின்றது. அதில் இருந்தவர்களுக்குப் புதிய பதிப்புக்குப் போவது பட்டனைத் தட்டி முடிகிற அப்டேட்டாக இல்லை, ஏறக்குறைய தளத்தையே திரும்பக் கட்டுகிற வேலையாக இருந்தது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். டேட்டாபேஸ் பேக்கப்பும் தளத்துக்காக எழுதிய நிரலும் உங்கள் கைக்கு வர வேண்டும். இவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

புதுத் தளம் ஏறும் அன்று பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள். பழைய பிடிஎஃப் விவரத்தாள்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்களில் அந்த இணைப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.