தொப்பை ஏன் கூடுகிறது? உணவியல் ஆலோசகரிடம் கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து ஒருவர்: அப்பா மூன்று வேளையும் சோறு சாப்பிட்டார், தொப்பையே கிடையாது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் எனக்கு மட்டும் ஏன், அக்கா?

சோறு அதேதான் தம்பி, உழைப்புதான் போய்விட்டது. அப்பா வயலில் குனிந்து நிமிர்ந்தார், நீங்கள் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது பலகாரம் தீபாவளிக்குத்தான். இப்போது டீயோடு தினமும் வடை.

உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இத்தனை பேருக்கும் ஒன்றாகச் சோம்பல் வந்துவிடுமா? சாப்பாடும் வேலையும் ஊரும் மாறியிருக்கின்றன.

சென்னை இளைஞர்: பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 24 தான். கவலை வேண்டாம்தானே?

உலகக் கணக்கில் 25 வரை சரி. நமக்கு 23 தாண்டினாலே அதிக எடைதான். இந்தியர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வது அதிகம், சர்க்கரை நோயும் சீக்கிரம் வரும். இடுப்பை டேப்பால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

மதுரை அம்மா ஒருவர்: சப்பாத்திக்கு மாறியும் எடை குறையவில்லையே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. சோறும் மாவுச்சத்து, சப்பாத்தியும் மாவுச்சத்துதான் அம்மா. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. அரிசிக்குப் பதில் கோதுமை என்று மாற்றுவதில் பெரிய பலன் இல்லை. அளவைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை வையுங்கள். தட்டில் பாதி காய்கறி இருக்கட்டும், பொரியலாகவோ கூட்டாகவோ. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது!

அப்புறம் எண்ணெய். ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வையுங்கள், நான்கு பேருக்கு இரண்டு லிட்டர். மாதக் கடைசியில் காலி பாக்கெட்டுகளை எண்ணிப் பாருங்கள்.

கோவை ஆசிரியர்: அரசு எதுவும் செய்ய முடியாதா?

முடியும். மெக்சிகோ 2014இல் இனிப்புக் குளிர்பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது, விற்பனை குறைந்தது. சிலியில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்திலேயே கறுப்பு எச்சரிக்கை முத்திரை உண்டு. நம் பிஸ்கட் பாக்கெட்டிலும் அது வர வேண்டும். நடக்க நடைபாதையும் வேண்டும். அது இல்லாத ஊரில் 'தினமும் நடங்கள்' என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது.

சேலம் தாய்: 9 வயது மகளைச் சொந்தக்காரர்கள் 'குண்டு' என்கிறார்கள்.

முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், யாராக இருந்தாலும். பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். அவளுக்கென்று தனிச் சமையலும் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் ஒரே தட்டு. சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவில் ஓடி விளையாட விடுங்கள்.