வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், ஆச்சி

கேள்வி: காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 44, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரையோடு இப்போது இன்சுலினும் போடுகிறேன். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே காலம் ஓடுகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் சொன்னார்கள். இரைப்பையைக் குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்கு மதுரையில் ஆவணி மாதம் நாள் குறித்திருக்கிறது. பயம் தாங்கவில்லை. 19 வருடத்துக்கு முன் சிசேரியன் ஆனபோது மூன்று நாள் திரும்பிப் படுக்க முடியாமல் கிடந்தேன். இது அதைவிடப் பெரிய ஆபரேஷன் ஆயிற்றே. வலி எத்தனை நாள் இருக்கும்? எப்போது வீட்டு வேலை பார்க்கலாம்? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக வேண்டுதல் இருக்கிறது, முடியுமா? "நல்லா இருக்கிற உடம்புல கத்தி வைக்கலாமா" என்கிறார் மாமியார்.

பதில்: நம் ஊர் வழக்கப்படி ஆச்சி என்றே கூப்பிடுகிறேன், நானும் தேவகோட்டைப் பக்கத்துக்காரன்தான். மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். ஆபரேஷன் முடிந்து கண் விழிப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் என் காதில்தான் விழும். இந்த ஆபரேஷன் ஆனவர்கள் "வலிக்குது" என்று சொல்வதைவிட "குமட்டுது", "தோள்பட்டை பிடிச்சிருக்கு", "ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று சொல்வதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். வலியே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பயந்துகொண்டிருக்கிற வலி வேறு, வரப்போகிற வலி வேறு.

சிசேரியனில் அடிவயிற்றில் அரைச் சாணுக்கு மேல் நீளமாகக் கீறி, தசையை விலக்கி, கர்ப்பப்பையையும் திறக்கிறார்கள். அப்புறம் இரவெல்லாம் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க வேண்டும். அந்த உடம்புக்கு ஓய்வு ஏது? ஸ்லீவ் ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பி முறையில் நடக்கிறது. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள், பெரியதே ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். அவற்றின் வழியே கருவிகளை விட்டு, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் போலத் தைத்துவிடுவார்கள். உள்ளே நடப்பது பெரிய வேலைதான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நாம் உணர்கிற வெட்டு வலி பெரும்பாலும் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வருவது, அங்கே சேதம் குறைவு. துளை போட்ட இடங்களிலேயே மரத்துப்போகும் ஊசி போட்டுவிடுவோம். முதல் இரண்டு மூன்று நாள் குனியும்போதும் இருமும்போதும் சுருக்கென்று இருக்கும். முதல் வாரக் கடைசியில் பலருக்குப் பாராசிட்டமால் மட்டுமே போதுமானதாகிவிடுகிறது.

தோள்பட்டை வலி விசித்திரமானது. வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளில். உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவார்கள். கடைசியில் அதை வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கும். அது உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோள்பட்டைத் தோலுக்குப் போகும் நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை குழம்பிப்போய் வலியைத் தோளில் காட்டுகிறது. இது தெரியாதவர்கள் மாரடைப்போ என்று மிரண்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் உடம்பே அந்த வாயுவை உறிஞ்சி வெளியேற்றிவிடும். எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். நம் வீட்டுப் பெண்களுக்கு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை. நர்ஸ் வந்து "வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால், முகம் கோணியிருக்கும்போதே "பரவாயில்லம்மா" என்பார்கள். இந்த ஆபரேஷனில் அந்தப் பொறுமை கெடுதல் செய்யும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்கும், நிமோனியா வரலாம். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைக்கிறார்கள், மூன்று பந்து உள்ள கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொல்கிறார்கள், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடுகிறார்கள். நடக்கவும் மூச்சை முழுதாக இழுக்கவும் முடிகிற அளவுக்கு வலி அடங்கியிருக்க வேண்டும். முடியவில்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலி ஏறிய பிறகு மாத்திரை தேடுவதைவிட நேரம் தவறாமல் போட்டுக்கொண்டே வருவது நல்லது.

உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று எழுதியிருப்பது எனக்கு மிக முக்கியமான தகவல். அபின் வகை வலி மருந்துகள் இப்படிப்பட்டவர்களுக்கு மூச்சை இன்னும் மந்தப்படுத்தும். அதனால் பாராசிட்டமால், மரத்துப்போகும் ஊசி என்று பலவற்றைச் சேர்த்து, அபின் வகையை முடிந்தவரை குறைத்துத்தான் திட்டம் போடுவோம். தூங்கும்போது முகமூடி வைத்துக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவி உங்களிடம் இருந்தால், அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக மறக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் உங்களைப் பார்க்க வரும் மயக்க மருந்து டாக்டரிடம் சிசேரியன் கதையை முழுக்கச் சொல்லுங்கள். "பயமா இருக்கு" என்றும் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் பயம் அதிகம் உள்ளவர்களுக்குப் பின்னால் வலியும் அதிகமாகத் தெரிகிறது என்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம், அதற்குத் தகுந்தாற்போல் ஏற்பாடு செய்வோம். குமட்டலுக்கும் முன்கூட்டியே மருந்து உண்டு.

மாத்திரைகள் பற்றி இரண்டு எச்சரிக்கை. முழங்காலுக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிறீர்களே, அது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் வகையாக இருக்கும். இரைப்பையில் புண் உண்டாக்கும் இந்த வகையை இனி நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. அடுத்தது சர்க்கரை மருந்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'கிளிஃப்ளோசின்' எனப் பெயர் முடியும் மாத்திரை உங்கள் சீட்டில் இருந்தால், ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை குறையத் தொடங்கும் முன்பே, சர்க்கரை இறங்கிவிடுவது வழக்கம். பழைய அளவில் இன்சுலினைப் போட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுவீர்கள். வீடு திரும்பும் அன்றே புதிய அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் குறைத்த உணவு தருவார்கள். கொழுப்பேறி வீங்கிய கல்லீரல் இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும், அது சுருங்கினால்தான் டாக்டரின் கருவி உள்ளே போகும். உங்களுக்கு இது ஆடிக் கடைசியில் வருகிறது. கும்மாயம் கிண்டும் காலம். "உளுந்துதானே, புரதம்தானே" என்று ஒரு உருண்டையை வாயில் போடத் தோன்றும். அதிலுள்ள கருப்பட்டியையும் நெய்யையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரில் வரும்போது ஒரு சிறு தலையணையை வயிற்றில் வைத்து அதன்மேல் பெல்ட்டைப் போட்டால் குழியில் குலுங்கும்போது வலி தெரியாது. மேலூரிலோ திருப்பத்தூரிலோ இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். இருமல் வந்தாலும் இதே தலையணைதான், அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

உங்கள் வீடு பழைய காலத்து வீடா? அப்படியென்றால் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றியுள்ள தாழ்வாரத்தைப் போல நடைக்கு வசதியான இடம் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. வெயில் இல்லை, நாய் இல்லை, "என்னாச்சு, இப்படி இளைச்சுட்டீங்க" என்று நிறுத்தி விசாரிக்கிறவர்கள் இல்லை. மணிக்கொரு தரம் நான்கு சுற்று, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை ஈரமானால் வழுக்கும், துடைத்து உலர்ந்த பிறகு நடங்கள். நிலைப்படி உயரமாக இருந்தால் கைப்பிடித்துத் தாண்டுங்கள். படுக்கையை மாடியில் போட வேண்டாம். காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் முதல் வாரத்திலேயே செய்யலாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் திரும்புகிறார்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், அரிசி மூட்டை ஆகியவற்றை மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் தொடக்கூடாது.

வலியைவிட உங்களைப் படுத்தப்போவது தண்ணீரும் சாப்பாடும்தான். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும், ஆனால் மடமடவென்று ஒரு டம்ளர் குடிக்க முடியாது. ஒரு வாய், இரண்டு நிமிடம், இன்னொரு வாய். முதல் இரண்டு வாரம் திரவ உணவு மட்டும்: பருப்புத் தண்ணீர், மோர், கொழுப்பு எடுத்த சூப், சொன்ன அளவில் புரதப் பொடி. அப்புறம் இரண்டு வாரம் மசித்தது. அதன்பின் மெதுவாக இட்லி, முட்டை, மீன் என்று போய், ஆறு முதல் எட்டு வாரத்தில் கொஞ்சமாக எல்லாம். உங்கள் டாக்டரின் அட்டவணை இதிலிருந்து சற்று மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். நாளுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும்.

ஒரு கரண்டி கூடினாலும் நெஞ்சுக்கு நடுவில் கல்லை வைத்தாற்போல அடைக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். பலரும் ஆபரேஷன் வலி என்று நினைப்பது இதைத்தான். நம் ஊரில் "இன்னும் ஒரு பணியாரம் வச்சுக்கோங்க" என்று மூன்று முறை சொல்லாவிட்டால் உபசரிப்பே ஆகாதல்லவா? முதல் மூன்று மாதம் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதைத் தவிர்ப்பது உத்தமம், போனாலும் மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

எந்த வலியை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தையல் போட்ட இரைப்பையில் கசிவு ஏற்படுவது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான், ஆனால் தாமதித்தால் விபரீதம். குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினால், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்தால், தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வாங்கிய, ஆக்சிஜனும் நாடித்துடிப்பும் காட்டும் விரல் கருவி அலமாரியில் கிடக்கும், அதை எடுத்து வையுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், வலி இல்லாவிட்டாலும் அது அபாயம். உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிடுங்கள். மதுரைக்குப் போக அவகாசம் இல்லையென்றால் 108-ல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். மூக்கு வழியே குழாய் போடுவதானால் மதுரை டாக்டரிடம் பேசிவிட்டுப் போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் வாக்கில் "எதுக்கு இதைச் செஞ்சோம்" என்று ஓர் அழுகை வரும். இதுவரை பழகிய ஆறுதல் சாப்பாடுதான், அது திடீரென்று இல்லாமல் போகும்போது மனம் தவிக்கும். பலருக்குச் சில வாரத்தில் தெளிகிறது. தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. வாந்தி தொடர்ந்து இருந்து காலும் மரத்தால் வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம், அதையும் அவசரமாகக் காட்ட வேண்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: 44 வயதில் இன்சுலின், மூச்சு நிற்கும் தூக்கம், நடக்க விடாத முழங்கால் இவை மூன்றும் இருந்தால் அது நல்லா இருக்கிற உடம்பு இல்லை. அனுபவமுள்ள இடத்தில் இந்த ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடியது. கத்தி வைக்காமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அது மெதுவாக வருவதால் கண்ணில் படுவதில்லை.

பழனி. ஆவணியிலிருந்து தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் இருக்கும். காயம் எப்போதோ ஆறியிருக்கும். எனக்கு உறுத்துவது விரதமும் தண்ணீரும்தான். நடைப்பயணத்தில் ஒரு பொழுது சாப்பிட்டு வெயிலில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால், சிறிய இரைப்பையால் அந்த ஒரு பொழுதில் ஈடுகட்ட முடியாது, சுருண்டுவிடுவீர்கள். மூன்றாம் மாதப் பரிசோதனையில் ரத்த அளவும் சர்க்கரையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இந்தத் தைக்குக் குன்றக்குடி வரை காவடியோடு நடந்து வழியனுப்பிவிட்டு வாருங்கள், முழு நடையை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.